சோத்துக்கை சும்மா இருக்கட்டும்

என் பெயர் அக்சிலியா. சைக்கிளுக்கு மோட்டார் மாட்டித் தருவது என் தொழில். இரண்டையும் சேர்த்து, கொண்டப்பநாயக்கன்பட்டியில் எல்லோரும் என்னை ‘ஆக்சிலேட்டர் அக்கா’ ஆக்கிவிட்டார்கள். இந்தப் பெயரைக் கண்டுபிடித்த மகான் என் வீட்டுக்காரர் சகாயராஜ்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையும் மாலையும் பிள்ளைகளோடு கத்திக் கத்தி, மதியம் மட்டும் கடைக்கு வந்து சோறு தின்றுகொண்டே என்னைக் கேலி செய்வார்.

எனக்குக் கோபமும் வரும், சந்தேகமும் வரும். கோபம் பிறவியிலேயே வந்தது. சந்தேகம் போன ஆடி மாதம் வந்து சேர்ந்தது.

ஆடியில் ஒருவன் என்னிடம் சைக்கிளுக்கு மோட்டார் மாட்டிக்கொண்டு போனான். நல்லபடியாகத்தான் பேசினான், டீ கூட வாங்கிக் கொடுத்தான். பத்தாம் நாள் அதே சைக்கிளில் போய், காலையில் நடக்கப் போன ஒரு டீச்சரம்மாவின் செயினை அறுத்துவிட்டான். இந்தச் சைக்கிளுக்கு நம்பர் பிளேட் கிடையாது, சத்தமும் கிடையாது. பின்னால் வருவதே அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. கீழே விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சைக்கிளைப் போட்டுவிட்டு அவன் ஓடிவிட்டான். பேட்டரிப் பெட்டியில் என் கடை ஸ்டிக்கர் இருந்தது.

மூன்று நாள் என்னைக் காவல் நிலையத்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எஸ்.ஐ. எழுந்து நின்று நடித்தே காட்டினார். “இடது கையில ஹேண்டில்பார், வலது கையில செயின். புரியுதாம்மா? இன்னொரு கேஸ்ல உன் ஸ்டிக்கர் வந்துச்சுன்னா, ஷட்டரை நானே வந்து இழுத்து மூடிருவேன்.”

சொன்னதைச் செய்கிற ஆள் அவர். இந்தக் கடையை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. அதனால் அன்றிலிருந்து ஷட்டருக்குள் நுழைகிற ஒவ்வொருவனையும் மேலும் கீழும் பார்க்க ஆரம்பித்தேன்.

நாச்சிமுத்து வந்தது ஒரு புதன்கிழமை காலை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஐம்பத்தைந்து வயதிருக்கும். குட்டியானை வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். பின்னால் கயிறு கட்டிய ஒரு புத்தம் புது சைக்கிள். ஏழு கியர், லேடீஸ் மாடல். சீட்டில் பாலித்தீன் உறை கூடப் பிரிக்கவில்லை.

“ஏனுங்க, சைக்கிளுக்கு பேட்டரி போட்டுத் தர்ற கடை இதுதானுங்களா?”

“இதேதாங்க. எங்கேருந்து வர்றீங்க?”

“பள்ளிபாளையமுங்க.”

அறுபது கிலோமீட்டர். வழியில் சங்ககிரி இருக்கிறது, சேலம் டவுனே இருக்கிறது. அத்தனையும் தாண்டி மலையடிவாரத்துக் கடைக்கு எதற்கு வருகிறார்?

“அங்கெல்லாம் கடை இல்லீங்களா?” என்றேன்.

“மூணு கடை ஏறி எறங்கிட்டனுங்க. நாம கேக்கற மாதிரி ஆரும் பண்ணித் தர மாட்டேங்கறாங்க. ஆக்சிலேட்டரு, கியரு, பிரேக்கு, எல்லாத்தையும் எடது பக்கமே வெச்சுத் தரோணுமுங்க.”

“எல்லாமேவா? வலது பக்கம்?”

“ஒண்ணும் வேண்டாமுங்க. சோத்துக்கை சும்மா இருக்கட்டுமுங்க.”

இடது கையில் ஹேண்டில்பார், வலது கை சும்மா. எஸ்.ஐ. நடித்துக் காட்டிய அதே காட்சி. இவர் அதை ஆர்டர் கொடுத்தே செய்யச் சொல்கிறார்.

“யாருங்க ஓட்டப் போறது? நீங்களா?”

“நானெங்கீங்க. சாமி ஓட்டுமுங்க.”

“எந்தச் சாமி?”

அவர் சிரித்தார். “நம்ம சாமிதானுங்க.”

அந்தப் பக்கத்துக்காரர்கள் பெரியவர்களையும் சாமி என்பார்கள், பெற்ற பிள்ளையையும் சாமி என்பார்கள். எனக்கு அது தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் ஆத்தூரில், ஒரு கத்தோலிக்க வீட்டில் பிறந்தவள் நான். எனக்குச் சாமி என்றால் முதலில் மேலே இருக்கிறவர், அடுத்தது பங்குச் சாமியார். இரண்டு பேரும் சைக்கிள் கேட்டு ஆள் அனுப்ப மாட்டார்கள். மிச்சம் இருப்பது ஒன்றுதான்: ரவுடிகளுக்கு வைக்கிற பட்டப்பெயர். சந்தேகம் வந்துவிட்ட பிறகு தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது, தெரியாததெல்லாம் நிச்சயமாகிவிடுகிறது.

“சரிங்க, அவரை ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. கை அளவு பார்த்துதான் இதெல்லாம் மாட்டணும்.”

அவர் முகம் மாறியது. தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அது வராதுங்க. இப்பத்திக்கு வெளிய ஆரையும் பாக்கறதில்லீங்க.”

தலைமறைவு! இந்த நேரம் பார்த்து அவர் கண் என் கழுத்துக்கு வந்தது. செயினில் மாதா பதக்கம் போட்டிருப்பேன். அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டேன்.

“இன்னொண்ணுங்க,” என்றார். “மிதிக்காம, நின்ன எடத்துல இருந்தே வண்டி கெளம்போணுமுங்க.”

“சாயங்காலம் நாலு மணிக்கு வாங்க,” என்று மட்டும் சொன்னேன். சைக்கிளை இறக்கி வைத்துவிட்டு, டவுனில் வேலை இருக்கிறதென்று போய்விட்டார்.

இங்கே தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மின்சார சைக்கிளுக்கு ஆக்சிலேட்டர் இரண்டு விதம். ஒன்று ஸ்கூட்டர் போல முறுக்குவது, இன்னொன்று கட்டைவிரலால் அழுத்துவது. கடைகளில் கிடைக்கிற முறுக்கு ஆக்சிலேட்டர் எல்லாம் வலது கைக்குத்தான். அதைத் திருப்பி இடது பக்கம் மாட்டினால், தன் பக்கம் முறுக்குவதற்குப் பதிலாக முன்னால் முறுக்க வேண்டிவரும். பிரேக் போடும்போது உடம்பு முன்னால் சாயும், சாய்ந்தால் இன்னும் முறுக்கும். சில கடைக்காரர்கள் அப்படி மாட்டித் தந்து ஆளைக் காலி பண்ணப் பார்ப்பார்கள். இடது கைக்கென்றே தனியாகச் செய்தது ஒன்று இருக்கிறது. அதைத் தேடி வாங்க வேண்டும்.

கியரிலும் இதே வம்புதான். பின்சக்கரத்து ஏழு கியருக்கான மாற்றி வலது கைக்குச் செய்தது. இடது பக்கம் வைத்தால் தலைகீழாக நிற்கும். ஆனால் பழைய மாடலில் ஹேண்டில்பாருக்கு மேலே ஒரு சின்ன நெம்பி வரும். கட்டைவிரலால் தள்ளினால் கம்பி இழுக்கும், விட்டால் அங்கேயே நிற்கும். அதற்கு இடதும் ஒன்றுதான், வலதும் ஒன்றுதான். பிரேக்குக்கு, ஒரே பிடியில் இரண்டு கம்பி இழுக்கிற லீவர் இருக்கிறது. உள்ளங்கையால் முறுக்கி, கட்டைவிரலால் கியர் மாற்றி, நாலு விரலால் இரண்டு பிரேக்கையும் பிடிக்கலாம். ஒரே கைக்கு அழகாக அமையும்.

இந்த மூன்று சாமானும் என் கடை டிராயரிலேயே இருந்தன. மற்ற மூன்று கடைக்காரர்களுக்கும் தெரியாத வேலை எனக்குத் தெரியும். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மதியம் சகாயராஜ் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

“போலீசுக்குச் சொல்லிரலாமா?” என்றேன்.

“சொல்லு. வேட்டி கட்டின பெரியவர் ஒருத்தர் லேடீஸ் சைக்கிள் வாங்கியிருக்காருன்னு சொல்லு. மூணு ஜீப்புல வருவாங்க.”

“லேடீஸ் சைக்கிள்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னுதான் அதை வாங்கியிருக்காங்க. உங்களுக்கு ஒண்ணும் புரியாது.”

“எனக்குப் புரியலை, சரி. சோத்துக்கை ஏன் சும்மா இருக்கணும்னு அந்த மனுசனையே நேராக் கேட்டுரு. கேட்டா முடிஞ்சுபோச்சு.”

“திருடன்கிட்டயே போய் நீ திருடனான்னு கேக்கச் சொல்றீங்களா?”

“பால்காரன் மேல சந்தேகம், பேப்பர்காரன் மேல சந்தேகம், இப்ப இவரு. அடுத்தது நான்தான்.” கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். வேலையை வேண்டாமென்று சொன்னால் நாச்சிமுத்து ஐந்தாவது கடைக்குப் போவார், எவனாவது செய்து கொடுத்துவிடுவான். அதைவிட, அந்தச் சாமியின் வலது கையைக் கட்டிப் போட்டு அனுப்பிவிட்டால்? வலது பக்கம் கட்டைவிரல் ஆக்சிலேட்டர் வைத்தால் கெட்டிக்காரன் எப்படியாவது சமாளிப்பான். முறுக்கு ஆக்சிலேட்டர் வைத்தால் முழுக்கையும் அங்கேயே இருந்தாக வேண்டும், எடுத்தால் வண்டி நின்றுவிடும். கியரையும் அதே கைக்கு வைத்தேன். முன்பிரேக்கையும் அங்கேயே வைத்தேன். இடது கைக்குப் பின்பிரேக் மட்டும். எந்தப் பிரேக்கைப் பிடித்தாலும் மோட்டார் நிற்கிற மாதிரி வயர் கொடுத்தேன். ஒரு குறையும் சொல்ல முடியாத வேலை. ஸ்டிக்கரை மட்டும் ஒட்டவில்லை.

நாலு மணிக்குச் சரியாக வந்தார். ஹேண்டில்பாரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“ஏனுங்க, எல்லாம் வலது பக்கம் இருக்குதுங்களே?”

“இடது கைக்கு ஆக்சிலேட்டர் எந்தக் கம்பெனியும் போடறதில்லைங்க. இந்தியாவுலயே கிடையாது.”

வாய் கூசாமல் சொன்னேன். டிராயர் என் முழங்காலுக்கு நேராக இருந்தது.

“அப்பிடீங்களா?” மேலே ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் சொன்னதை அப்படியே நம்பினார். “இத்தனை படிச்சவங்க நீங்களே சொல்றப்ப வேறென்ன பண்றதுங்க. சாமிகிட்டச் சொல்லிப் பாக்கறனுங்க. எப்படியாச்சும் பழகிக்குமுங்க.”

போகும்போது கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். திருடனுக்கு எவ்வளவு மரியாதை பார் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம்.

பதினேழு நாள் கழித்து அதே குட்டியானை கடை வாசலில் வந்து நின்றது. பின்னால் அந்தச் சைக்கிள். முன்சக்கரம் நெளிந்து, விளக்கு உடைந்து கிடந்தது. செயின் அறுத்துவிட்டு விழுந்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

நாச்சிமுத்து இறங்கி வந்து, சுற்றிப்போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்தார். “பாத்து எறங்கு சாமி,” என்றார்.

இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதுப் பெண் இறங்கினாள். கண்ணாடி போட்டிருந்தாள். இடது கையில் விரல்முட்டி முதல் முழங்கை வரை மாவுக்கட்டு. வலது கை மடியிலிருந்து நழுவி, பக்கத்தில் தொங்கியது. அதன் விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டிருந்தன. முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு.

“என்ற பொண்ணுங்க. யுவஸ்ரீ. துணிக் கம்பெனியில டிசைன் வரையுதுங்க.” ஸ்டூலை இழுத்து அவளை உட்கார வைத்தார். “ஏழு மாசத்துக்கு முன்னால மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டற மெஷின்ல கை போயிருச்சுங்க. நரம்பைச் சேத்துத் தெச்சாங்க. ஒரு வருசம் பொறுங்கன்னாரு டாக்டரு. அதுவரைக்கும் கை வரலைங்கற வார்த்தையை எங்கூட்டுல ஆரும் வாயில எடுக்கறதில்லீங்க. சோத்துக்கை சும்மா இருக்குதுன்னுதான் சொல்லிக்குவோமுங்க.”

கையிலிருந்த ஸ்பேனரை மேஜைமேல் வைத்தேன்.

“கையைப் பத்திக் கேப்பாங்கன்னுதான் வெளியாளுங்களைப் பாக்காம இருந்தா. கம்ப்யூட்டர் மவுசை எடது கைக்கு மாத்திப் பழகிட்டா. வேலைக்குத் தானா போய் வரோணும்னு ஒரே பிடிவாதமுங்க. ஸ்கூட்டர்ல ஆக்சிலேட்டர் வலது பக்கம், மாத்த முடியாது. அதனாலதான் சைக்கிளுங்க. அன்னைக்குக்கூட உங்க கழுத்துல இருக்கற மாதாவைப் பாத்து, எங்க சாமிக்கு இது அமையட்டும்னு ஒரு வார்த்தை வேண்டிக்கிட்டுத்தான் போனனுங்க.”

“எப்படி விழுந்துச்சு?” என்று கேட்டேன்.

அந்தப் பெண் பதில் சொன்னாள். “வலது விரல் பிடிச்சா விடாதுங்க்கா. அதையே பிடிமானமா வெச்சுக்கலாம்னு முறுக்குல சுத்தி வெச்சுப் பழகினேன். நாலு நாள் நல்லாத்தான் ஓட்டினேன். அஞ்சாம் நாள் பாலத்துக்கிட்ட ஒரு திருப்பம். பிரேக் பிடிச்சேன், மோட்டார் நின்னுச்சு. திரும்பறதுக்காக பிரேக்கை விட்டேன். கை முறுக்கின மேனிக்கே இருந்திருக்கு. வண்டி பாஞ்சு பாலத்துச் சுவத்துல அடிச்சிருச்சு. எடது மணிக்கட்டு முறிஞ்சுபோச்சு.”

குறை சொல்கிற தொனியே இல்லை. சக மெக்கானிக்கிடம் சொல்வது போலச் சொன்னாள்.

எதிர்க்கடையில் இருந்து டீ வந்தது. நாச்சிமுத்து ஒரு கிளாஸை எடுத்து ஊதி ஆற்றி, மகளின் வாயருகே பிடித்தார். தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். அவள் உதட்டோரம் வழிந்ததை அவர் துண்டால் துடைத்துவிட்டார். எனக்கு என் கையை வெட்டிப் போட வேண்டும் போல இருந்தது. ஒரு கை சும்மா இருந்த பெண்ணுக்கு இப்போது இரண்டு கையும் சும்மா. அது என் வேலை.

“நான் உங்களைக் குத்தம் சொல்ல வரலீங்க,” என்றார் நாச்சிமுத்து. “கட்டுப் பிரிக்க இன்னும் நாலு வாரம் ஆகுமுங்க. அதுக்குள்ள அந்த எடது கை ஆக்சிலேட்டரு வெளிநாட்டுல எங்காச்சும் கெடைக்குமான்னு பாத்துச் சொல்லுங்க. எத்தனை நாள் ஆனாலும் பரவால்லீங்க. நீங்க சொன்னாச் சரியா இருக்கும்.”

தப்பிக்க வழி தானாகவே திறந்தது. ‘ஆர்டர் போடறேன், இருபது நாள்ல வந்துரும்’ என்று ஒரு வரி சொன்னால் போதும். டிராயரில் இருப்பதை இருபது நாள் கழித்து எடுத்து மாட்டிவிடலாம். இந்த மனிதர் மறுபடியும் என்னைக் கும்பிடுவார். அந்த வரி நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

குனிந்து டிராயரைத் திறந்தேன். பிளாஸ்டிக் உறையோடு அதை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

“இதுதாங்க இடது கைக்கு. அன்னைக்கே இருந்துச்சு.”

நாச்சிமுத்து அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அன்னைக்கு அவசரத்துல கண்ணுக்குப் படாமப் போயிருச்சுங்களா? இருக்கறதுதானுங்க.”

அவரே எனக்குச் சமாதானம் சொல்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“இல்லைங்க. இருக்கறது தெரிஞ்சேதான் இல்லைன்னு சொன்னேன். வலது கை சும்மா இருக்கணும்னு சொன்னீங்க. செயின் அறுக்கறவங்களோன்னு நினைச்சிட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கலை. என்னை மன்னிச்சிருங்க.”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. மகள் பக்கம் திரும்பி, “என்ன சொல்றாங்க சாமி?” என்றார்.

யுவஸ்ரீ என்னையே பார்த்தாள். “நம்மளைத் திருடங்கன்னு நினைச்சாங்களாம்ப்பா,” என்றாள்.

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கையில் இருந்த டீ கிளாஸை மெதுவாக மேஜையில் வைத்தார். தன் வேட்டியை, சட்டையை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார்.

“என்னையவாங்க?” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “சைக்கிளை இறக்குங்க. எல்லாத்தையும் கழட்டிட்டு, இப்பவே நான் மாட்டித் தர்றேன். கியர், பிரேக், எல்லாமே இருக்கு. இவ கையை அளந்து, நானே பள்ளிபாளையம் வந்து ஓட்டிக் காட்டறேன்.”

“வேண்டாங்க்கா,” என்றாள் யுவஸ்ரீ. கோபமாகச் சொல்லவில்லை. “சாமானை மட்டும் குடுங்க. வேற ஆளை வெச்சு மாட்டிக்கறோம்.”

“வேற யாருக்கும் இது மாட்டத் தெரியாதும்மா.”

“தெரிஞ்சவங்க மாட்டித்தானே இப்படி ஆச்சு.”

கியர் நெம்பியையும் இரட்டைக் கம்பி பிரேக் லீவரையும் எடுத்து, ஆக்சிலேட்டரோடு ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். நாச்சிமுத்து வாங்கிக்கொண்டு, மகளை வண்டியில் ஏற்றி உட்கார வைத்தார். தன் பக்கம் ஏறப் போனவர் நின்றார். பையிலிருந்து ஆக்சிலேட்டரை எடுத்து, உறையைப் பிரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் இடது கையில் வைத்து முறுக்கிப் பார்த்தார். என்ன சொன்னாலும் நம்பிய அந்த மனிதர் திரும்பி வந்து என் முன்னால் நின்றார்.

“நெசமாலுமே இது எடது கைக்குத்தானுங்களா?” என்று கேட்டார்.

“ஆமாங்க,” என்றேன்.

அவர் தலையாட்டவில்லை. வண்டிக்குப் போய், ஜன்னல் வழியாக அதை மகளிடம் காட்டி, “நீயும் ஒருக்கா நல்லாப் பாரு சாமி,” என்றார்.